கண்புரை அறுவையும் நோயாளியின் கணக்கும்

முதுமையில் பார்வையைப் பறிக்கும் காரணங்களுள் உலகெங்கும் முதலிடம் பெறுவது கண்புரை. பாவைக்குப் பின்புறம் அமைந்து, கண்ணுக்குள் புகும் ஒளியைக் குவித்து விழித்திரையின்மேல் விழச்செய்யும் விழிவில்லை இளமையில் தெளிவாக இருக்கும். வயது ஏற ஏற அது மங்கி, பழுப்பேறி, முற்றிய நிலையில் வெளுத்துப்போவதற்கே புரை என்று பெயர். உள்ளுக்குத் தரும் மருந்தாலோ கண்ணில் விடும் சொட்டாலோ இதைக் கரைக்க முடியாது. மங்கிய வில்லையை ஒளியின் வழியிலிருந்து விலக்குவது ஒன்றே தீர்வு. ஆகவே, அறுவை மருத்துவம் மயக்கமருந்தையும் நோய்க்கிருமியையும் அறியாதிருந்த காலத்திலேயே, மனிதர்கள் தங்கள் கண்ணுக்குள் ஊசி நுழைவதற்கு இசைந்து அமர வேண்டியிருந்தது.

இந்தச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சலாகை, கத்தி, செயற்கை வில்லை, மீயொலி என்று கருவிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவரின் பெயரைச் சூட்டி முடித்துவிடுவது வழக்கம். அதே வரலாற்றில், கருவியின் மறுமுனையில் அமர்ந்திருந்தவர்கள் எழுதிவைத்தது மிகக் குறைவு. அவர்கள் வந்தார்களா, வராமல் ஒதுங்கினார்களா, வந்தவர்கள் யாரிடம் போனார்கள் என்பவற்றிலிருந்துதான் அவர்களது மனத்தை ஊகிக்க முடிகிறது. அவ்வாறு நோக்கும்போது, எந்த முறை எந்தக் காலத்தில் நிலைத்தது என்பதை மருத்துவரின் திறமை எவ்வளவு தீர்மானித்ததோ, அவ்வளவுக்கு நோயாளி போட்ட கணக்கும் தீர்மானித்தது புலப்படும். எத்தனை நாள் படுத்துக்கிடக்க வேண்டும், கூலி எத்தனை நாள் போகும், துணைக்கு யார் இருப்பார்கள், இருக்கிற கொஞ்சப் பார்வையும் போய்விட்டால் என்ன செய்வது என்பவையே அந்தக் கணக்கின் இனங்கள்.

புரைக்கான அறுவையை விரிவாகச் சொல்லும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று சுசுருத சம்ஹிதை. அதன் பிற்பகுதியான உத்தர தந்திரம், கபத்தால் வரும் பார்வையிழப்புக்குச் செய்ய வேண்டிய சிகிச்சையைப் படிப்படியாக விளக்குகிறது. வெயிலும் குளிரும் மிகாத பருவத்தில், நோயாளிக்கு எண்ணெய் தேய்த்து வியர்வை வரச் செய்து, அவரை அமர்த்தி அசையாமல் பிடித்துக்கொண்டு, தம் மூக்கின் நுனியையே பார்த்திருக்கச் சொல்ல வேண்டும். வலக்கண்ணுக்கு இடக்கையாலும் இடக்கண்ணுக்கு வலக்கையாலும், கருவிழியை விட்டு விலகி வெள்விழியின் குறிப்பிட்ட இடத்தில் மருத்துவர் துளையிட வேண்டும். சரியான இடத்தில் குத்தியதற்கு அடையாளமாக ஓர் ஒலியும் ஒரு துளி நீரும் வெளிப்படும் என்று நூல் கூறுகிறது. கருவியும் தெளிவாக வருணிக்கப்பட்டுள்ளது: எட்டு விரற்கடை நீளம், செம்பு, இரும்பு அல்லது பொன், நடுப்பகுதியில் நூல் சுற்றிய பிடி. வில்லை உடைத்து வெளியேற்றப்பட்டதா, கண்ணுக்குள்ளேயே ஒதுக்கித் தள்ளப்பட்டதா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

அந்நூலில் நோயாளிக்கு விதிக்கப்படும் ஒழுக்கம் அறுவையின் நுட்பத்தைவிடக் கடுமையானது. நெய்யில் நனைத்த பஞ்சை வைத்துக் கட்டிய பிறகு அவர் மல்லாந்து படுக்க வேண்டும். ஏப்பம் விடுதல், இருமல், தும்மல், உமிழ்தல், உடல் நடுக்கம் ஆகியவை கூடா. மூன்று நாளுக்கு ஒரு முறை கட்டு அவிழ்த்துக் கசாயத்தால் கழுவப்பட்டு, பத்து நாள் இவ்வாறு காக்கப்பட வேண்டும். துளைத்த கண்ணுக்குள் அழுத்தம் திடீரென உயர்ந்தால் உள்ளிருப்பது பிதுங்கும் என்பதும், தும்மலும் இருமலும் அந்த அழுத்தத்தை உயர்த்தும் என்பதும் பிற்கால உடற்செயலியல் உறுதிசெய்த உண்மைகள். நோயாளி தம் உடலைக் கட்டுப்படுத்தும் திறமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை அந்த மருத்துவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இதைப் போன்ற படுக்கை விதி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகின் எல்லாக் கண் மருத்துவமனைகளிலும் வெவ்வேறு வடிவில் நீடித்தது.

வில்லையைத் தள்ளும் முறை ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக வழங்கியது. முதல் நூற்றாண்டு ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் அதை விவரித்துள்ளார். தாங் மரபுக் காலத்துச் சீனாவில் பொன்னூசி கொண்டு புரை நீக்கிய இந்தியத் துறவிகளைப் பற்றிய குறிப்புகள் இலக்கியத்தில் உள்ளன. முறையின் அடிப்படை எங்கும் ஒன்றே. பாவையை அடைத்து நிற்கும் வில்லையை ஊசியால் அழுத்தி, கண்ணின் பின்னறையிலுள்ள கூழ்மத்துக்குள் கீழே அமிழ்த்திவிட்டால், ஒளிக்கு வழி பிறந்து நோயாளிக்கு அக்கணமே ஏதோ ஒரு பார்வை கிடைக்கிறது. ஆனால் கண்ணுக்குள் மிதக்கும் வில்லை அழற்சியைத் தூண்டலாம். அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடலாம். தூய்மை செய்யாத ஊசியால் சீழ் பிடித்துக் கண்ணே அழியலாம். இசைமேதை பாக், 1750ஆம் ஆண்டின் வேனில் தொடக்கத்தில், ஊர் ஊராகச் சென்று கண் அறுவை செய்துவந்த ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயரிடம் லைப்ஸிக் நகரில் இரண்டு முறை இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டு, பார்வை திரும்பாமலே அவ்வாண்டு ஜூலை 28இல் இறந்தார். அத்தகைய ஊர்சுற்றி மருத்துவர்களிடம் கண்ணை ஒப்படைத்த பெயரற்றவர்கள் எண்ணற்றோர். பாக் போன்ற சிலரின் பெயர்களே ஏட்டில் நின்றன.

வில்லையைக் கண்ணைவிட்டே வெளியே எடுப்பது என்ற பெரிய மாற்றம் பிரான்சில் ழாக் டாவியேல் என்ற அறுவை மருத்துவரால் நிகழ்ந்தது. தள்ளும் முறை சில கண்களில் தோற்றதைக் கண்ட அவர், கருவிழியின்மேல் உள்ள ஒளிபுகும் படலத்தின் கீழ்ப்பாதியை அரைவட்டமாகக் கீறி, வில்லையைச் சூழ்ந்த பையைத் திறந்து, அழுத்திப் பிதுக்கி வெளியேற்றும் முறையை 1740களின் பிற்பகுதியில் கையாண்டு, 1753இல் அச்சில் வெளியிட்டார். கீறலைத் தைப்பதற்கு நூலோ, வலி தெரியாமல் இருக்க மருந்தோ அப்போது கிடையாது. நோயாளி அச்சத்தில் கண்ணை இறுக்கினால் உள்ளிருக்கும் கூழ்மம் கீறல் வழியாக வெளியே வழிந்துவிடும். ஊசித் துளையைவிடப் பல மடங்கு பெரிய கீறலைத் தாங்கிக்கொண்டால் நீண்டகாலப் பயன் கூடுதல் என்பதே டாவியேல் முறை நோயாளியின் முன் வைத்த பேரம். அதற்குத் துணியாதவர்கள் ஐரோப்பாவிலும் பலர். ஆகவே பழைய முறை அங்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உடன் வழங்கியது.

தமிழகத்தில் கண் மருத்துவத்துக்கென்று நெடிய மரபு உண்டு. சித்த மருத்துவம் கண் நோய்களை 96 என வகுக்கிறது. அகத்தியர் பெயரால் வழங்கும் நயன விதி நூல்கள் அவற்றின் குறிகுணங்களையும், மை, கலிக்கம், தைலம் முதலிய மருந்துகளையும் கூறுகின்றன. கலிக்கம் என்பது கண்ணில் இடும் மருந்துக் கூட்டு. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் நிறுவிய தன்வந்திரி மகாலில் உள்நாட்டு மருத்துவமும் ஐரோப்பிய மருத்துவமும் அருகருகே பயிலப்பட்டன. சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டுள்ள அக்காலக் கண் நோயாளிகளின் குறிப்பேடுகள், இந்த வரலாற்றில் அரிதினும் அரிதான சான்றுகள். நோயாளியின் கண் எப்படி இருந்தது என்பதைச் சொல்லால் எழுதியதோடு நில்லாமல், வண்ண ஓவியமாகவும் தீட்டிவைத்துள்ளனர். மருத்துவமனைகள் நோயாளியை எண்ணிக்கையாக மட்டுமே பதிந்துவந்த காலத்தில், ஒருவரின் நோயுற்ற கண்ணுக்கு ஓவியரை அமர்த்திய அந்த அக்கறை பெரிது.

சென்னையில் கண் நோய்க்கென்றே தனி மருத்துவமனை 1819இல் ஏற்பட்டது. இலண்டனில் 1805இல் தொடங்கப்பட்ட மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையை முன்மாதிரியாகக் கொண்டு, ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவரின் பொறுப்பில் இராயப்பேட்டையில் அமைந்த அது, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எழும்பூருக்கு மாறி, அரசு கண் மருத்துவமனையாக இன்றும் இயங்குகிறது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளின் வரிசையில் அதற்கு இடமுண்டு. இருந்தும், 100 ஆண்டை நெருங்கிய பிறகும், அதன் வாசலுக்கு வந்தவர்களுள் கணிசமானோர் ஊர்சுற்றிக் கண் வைத்தியர்களிடம் ஊசி குத்திக்கொண்டு, கண் கெட்ட பிறகு வந்தவர்களாகவே இருந்தனர்.

அந்த ஊர்சுற்றி வைத்தியரின் தொழில்முறை, எழும்பூர் மருத்துவமனையில் 1904 முதல் 1913 வரை கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட்டின் எழுத்துகளால் நன்கு தெரியவருகிறது. பரவலாக இருந்த இரு வழிகளுள் ஒன்று, கருவிழியின் முன்படலத்தையே கூரிய ஊசியால் துளைத்து வில்லையைத் தள்ளுவது. மற்றது, வெள்விழியில் சிறு கத்தியால் துளையிட்டு, அத்துளை வழியே செம்புச் சலாகையைச் செலுத்தி, வில்லையை மேலிருந்து கீழே அமுக்குவது. கத்தி அளவு மீறி உள்ளே போய்விடாதபடி, முனையில் சிறிதளவு மட்டும் தெரியும்படியாக மீதி அலகில் நூலை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். சலாகையிலும் நூல் சுற்றியிருக்கும். சுசுருதர் கூறிய நூல் சுற்றிய சலாகை 2000 ஆண்டுக்குப் பின்னும், நூலறிவு இல்லாத கைகளில் ஏறக்குறைய அதே வடிவில் வாழ்ந்திருந்ததை இது காட்டுகிறது. வில்லை கீழே இறங்கியதும் வைத்தியர் நோயாளியின் முன் விரல்களை நீட்டி எண்ணச் சொல்வார். ஆண்டுக்கணக்கில் வெளிச்சமும் நிழலும் தவிர எதையும் அறியாதவர் மூன்று என்றும் ஐந்து என்றும் சரியாகச் சொல்லும்போது, சுற்றி நின்ற உறவினர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. கூலி வாங்கப்பட்டு, கண் கட்டப்பட்டு, சில நாள் கழித்து அவிழ்க்கச் சொல்லப்படும். அதற்குள் வைத்தியர் அடுத்த ஊரில் இருப்பார்.

எலியட் இவ்வாறு கெட்ட கண்களைப் பற்றிய குறிப்புகளை நூற்றுக்கணக்கில் தொகுத்தார். சீழ் பிடித்தோ தாங்கொணா வலியாலோ அகற்ற நேர்ந்த கண்களைப் பதப்படுத்தி, குறுக்கே வெட்டி, தள்ளப்பட்ட வில்லை எங்கே கிடந்தது, அதைச் சுற்றி என்னென்ன சிதைவுகள் நிகழ்ந்தன என்று ஆராய்ந்தார். இங்கிலாந்து அரச அறுவை மருத்துவக் கல்லூரியில் 1917 பிப்ரவரியில் அவர் நிகழ்த்திய ஹண்டர் நினைவுச் சொற்பொழிவுகள் இதையே பொருளாகக் கொண்டவை. பின்னர் நூலாகவும் வெளிவந்தன. பிற்காலத்தில் இலண்டனில் மாயவித்தைக்காரர்களின் சங்கத்தில் இணைந்து, இந்தியக் கயிற்று வித்தை உண்மையா என்று விசாரித்தவரும் இவரே. கண்முன் நிகழ்வதை நம்பும் மனித இயல்பின்மீது அவருக்கிருந்த ஆர்வம், விரல்களை எண்ணச் சொல்லும் வைத்தியரைப் பற்றிய அவரது குறிப்புகளிலும் தெரிகிறது.

எலியட்டின் மருத்துவ முடிவு சரியானதே. ஊசியால் தள்ளப்பட்ட கண்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் பார்வையை இழந்தன என்பதைப் பிற நாட்டு ஆய்வுகளும் உறுதிசெய்துள்ளன. எனினும், மருத்துவமனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தோற்றவர்களே என்பதையும், ஓரளவு பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அதைவிட முதன்மையானது, வைத்தியரிடம் போனவர்களை அறியாதவர்கள் என்று சொல்லிக் கடந்துவிடுவதில் உள்ள பிழை. வைத்தியர் வீட்டுத் திண்ணைக்கே வந்தார், கத்தியால் அறுப்பதில்லை என்று உறுதி சொன்னார், நாழிகை நேரத்தில் வேலையை முடித்தார், அன்றே பலனைக் காட்டினார், கொடுக்கக்கூடியதை வாங்கிக்கொண்டார். மருத்துவமனையோ தொலைவில் இருந்தது; வாரக்கணக்கில் தங்கச் சொன்னது; மொழியும் முகமும் அந்நியமான மருத்துவர்களிடம் கண்ணை ஒப்படைக்கச் சொன்னது; யார் சமைத்த சோறு, யாரோடு படுக்கை என்ற அச்சங்களையும் எழுப்பியது. கண் தெரியாத முதியவருக்கு ஒருவர் துணைக்கு வந்தால் அந்த ஒருவரின் கூலியும் போகும். இத்தனையையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தவர்கள் எடுத்த முடிவில் அவர்கள் அளவில் நியாயம் இருந்தது. அவர்களுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டது, ஆறு மாதம் கழித்துக் கண்ணுக்குள் என்ன நடக்கும் என்ற ஒன்றே. அதை மறைத்ததுதான் அத்தொழிலின் குற்றம்.

மருத்துவமனை அறுவையைத் தாங்கக்கூடியதாக ஆக்கிய முதல் பெரிய மாற்றம் வலி நீக்கம். ஈதரும் குளோரோஃபார்மும் 1840களிலேயே வந்துவிட்டபோதிலும், மயக்கம் தெளியும்போது வரும் வாந்தி தைக்காத கீறலைப் பிளந்துவிடும் என்பதால் கண் மருத்துவர்கள் அவற்றைத் தயங்கியே பயன்படுத்தினர். 1884 செப்டம்பரில் ஹைடல்பர்க் நகரில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டில், கோக்கெய்ன் கரைசலைச் சொட்டினால் கண் மரத்துப்போகும் என்ற கண்டுபிடிப்பு செயலில் காட்டப்பட்டது. அதைக் கண்டறிந்த வியன்னா இளம் மருத்துவர் கார்ல் கோலருக்கு அங்கே செல்லப் பயணச் செலவுக்குப் பணமில்லாததால், வேறொருவர் அவரது கட்டுரையைப் படித்தார். அதன்பின் மிகக் குறுகிய காலத்தில் உலகெங்கும் கண் மருத்துவமனைகள் அந்தச் சொட்டுமருந்தைக் கைக்கொண்டன. நோயாளி விழித்திருந்து, மருத்துவர் சொல்வதைக் கேட்டுக் கண்ணை நகர்த்தி, வலியின்றி அறுவைக்கு ஒத்துழைக்க முடிந்தது இதன் பிறகுதான்.

பஞ்சாபின் ஜலந்தரில் பணிபுரிந்த ஹென்றி ஸ்மித், வில்லையை அதன் பையோடு அப்படியே வெளியே பிதுக்கும் முறையைப் பல்லாயிரம் கண்களில் செய்து பெயர்பெற்றார். அதைக் கற்க அமெரிக்காவிலிருந்தும் மருத்துவர்கள் வந்தனர். புரை நோயாளிகள் திரளாக இருந்த இந்தியா அயல்நாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சிக்களமாகவும் அமைந்தது. யாருடைய கண்களில் அக்கைகள் பழகின என்ற கேள்வியை அந்தக் கால மருத்துவ இதழ்கள் எழுப்பியதாகத் தெரியவில்லை.

வலி நீங்கிய பிறகும் படுக்கை நீங்கவில்லை. நுண்ணிய தையல் பழக்கத்துக்கு வரும்வரை, கீறல் தானாகவே ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அறுவை முடிந்த நோயாளி, இரு கண்களும் கட்டப்பட்டு, தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து அணைக்கப்பட்டு, ஒரு வாரமோ பத்து நாளோ மல்லாந்து கிடந்தார். உணவு ஊட்டப்பட்டது, இயற்கைக் கடன்களும் படுக்கையிலேயே கழிந்தன. முதியவர்கள் சிலர் இரண்டாம் மூன்றாம் இரவில், இருளில் இடமும் காலமும் மறந்து, பிதற்றி, கட்டைப் பிய்த்தெறிந்து எழுந்து ஓட முயல்வது எல்லா மருத்துவமனைகளிலும் நிகழ்ந்தது. இரு கண்ணையும் கட்டுவதால் வரும் சித்தக் கலக்கம் என்று அதை மருத்துவ நூல்கள் தனியே குறித்துவைத்தன. அவ்வாறு எழுந்தவரின் கண் அங்கேயே போனதும் உண்டு. அசையாமல் கிடந்தவர்களுள் சிலருக்கு நுரையீரலில் சளி கட்டி உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. இந்த இடர்களால்தான், புரை முற்றட்டும், பிறகு வாருங்கள் என்று மருத்துவர்கள் திருப்பியனுப்பினர். அறுவையில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலைக்கு நோயாளி வந்த பிறகே அந்த இடரை ஏற்பது நியாயம் என்பது அதன் பொருள். அதற்காக ஒருவர் வேலையை விட்டு, பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்து நடக்கும் நிலைக்கு இறங்கி, இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்தார். இந்த அறிவுரை மருத்துவத்தில் காலாவதியாகிப் பல்லாண்டு ஆன பிறகும், முதியவர்களின் பேச்சில் இன்றும் கேட்கிறது.

அறுவை நன்றாக முடிந்தாலும் கிடைத்தது அரைப் பார்வையே. வில்லை இல்லாத கண்ணுக்கு ஒளியைக் குவிக்க, சுமார் பத்து டயாப்டர் ஆற்றல் கொண்ட தடித்த கண்ணாடி வேண்டும். சோடாபுட்டிக் கண்ணாடி என்று ஊரெல்லாம் அறிந்தது அதுவே. அதன் வழியே எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். படி அருகில் இருப்பதாகத் தோன்றிக் கால் இடறும். தண்ணீர்ச் செம்பை எடுக்க நீட்டிய கை அதற்கு முன்பே வெறும் இடத்தைப் பற்றும். கண்ணாடியின் விளிம்பருகே வளையமாக ஒரு குருட்டிடம் இருப்பதால், பக்கவாட்டில் வரும் ஆளோ வண்டியோ முதலில் தெரியாமலிருந்து திடுமென எதிரே முளைக்கும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்து மறுகண் ஓரளவு தெரிந்தால், இரு கண்ணின் உருவங்களும் அளவில் ஒவ்வாமல் இரட்டையாகும். கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டால், வேறொன்று வாங்கும்வரை அவர் மறுபடியும் கண் தெரியாதவரே. கிராமங்களில் அறுவை செய்துகொண்ட பலர் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மங்கலாகவே நடமாடியதைப் பார்த்த அண்டைவீட்டார், இதற்கா அத்தனை பாடு என்று நினைத்ததில் வியப்பில்லை.

இந்நிலையில், மருத்துவமனையை ஊருக்குக் கொண்டுபோகும் முயற்சியாகக் கண் சிகிச்சை முகாம்கள் எழுந்தன. பள்ளிக்கூடம், சத்திரம், திருமண மண்டபம் ஆகியவற்றில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, ஒரே நாளில் பல பேருக்கு அறுவை செய்து, தரையில் வரிசையாகப் படுக்கவைத்துப் பராமரிப்பது அவற்றின் முறை. மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த கோ. வெங்கடசாமி 1960களில் இத்தகைய முகாம்களைத் தென் மாவட்டங்களில் பரவலாக நடத்தினார். எட்டையபுரம் வட்டாரத்து அயன்வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த அவர், இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் கோணிப்போன நிலையில், கத்தியைப் பிடிக்கக் கைகளைப் புதிதாகப் பழக்கியவர். வலியோடு வாழ்ந்த அந்த மருத்துவருக்கு நோயாளியின் தயக்கங்கள் அந்நியமானவையாக இருந்திரா. 58ஆம் வயதில் அரசுப் பணியில் ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. பார்வையிழப்பைத் தடுக்கும் நடுவண் அரசின் தேசியத் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது.

அறுவை இலவசம் என்று அறிவித்தும் வர வேண்டியவர்களில் பெரும்பாலோர் வரவில்லை என்பது முகாம் நடத்தியவர்களுக்குப் புதிராக இருந்தது. 1980களில் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்த ஆய்வுகள் அதற்கு விடை தந்தன: பேருந்துக் கட்டணம், உணவு, துணைக்கு வருபவரின் கூலி, அச்சம், இந்த வயதில் கண் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம், அனுப்பிவைக்கக் குடும்பம் காட்டிய தயக்கம். பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே வந்தனர். பல்வேறு அழைப்பு முறைகளைக் கிராமங்களுக்குள் ஒப்பிட்டு 1991இல் வெளியான ஆய்வு ஒன்று, பயணச் செலவையும் உணவுச் செலவையும் ஏற்றுக்கொண்டால் வருவோர் கூடுகிறார்கள் என்பதையும், முன்பே அறுவை செய்துகொண்டவர் ஒருவர் வீடு வீடாகச் சென்று பேசுவதற்குத் தனி வலிமை உண்டு என்பதையும் கண்டது. விரல்களை எண்ணச் சொன்ன பழைய வைத்தியர் அறிந்திருந்த மனித இயல்பை, நேர்மையான சிகிச்சை இப்போதுதான் கற்றுக்கொண்டது. உடன் வாழ்ந்த ஒருவரின் கண்ணே ஊராருக்குச் சான்று.

சோடாபுட்டிக் கண்ணாடியிலிருந்து விடுதலை தந்தது இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்டு ரிட்லி செய்த துணிகர முயற்சி. 1940இல் நடந்த விமானப் போரில், ஓட்டுநரறையின் மூடி நொறுங்கி அதன் துணுக்குகள் கண்ணுக்குள் பாய்ந்த விமானிகளைக் கவனித்த அவர், பெர்ஸ்பெக்ஸ் என்ற அந்த அக்ரிலிக் நெகிழி ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தும் கண் அதைப் பகைக்காமல் இருந்ததைக் குறித்துக்கொண்டார். கண்ணுக்குள் அந்நியப் பொருள் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது அக்காலக் கண் மருத்துவத்தின் முதல் விதி. அதை மீறி, 1949 நவம்பர் 29 அன்று, 45 வயதுப் பெண் ஒருவரின் கண்ணில் அந்த நெகிழியாலான வில்லையை வைத்துப் பார்த்தார். நிலையாகப் பொருத்தியது அடுத்த பிப்ரவரியில். வில்லையின் ஆற்றல் கணக்கு தவறியதால் அப்பெண்ணுக்குக் கடும் கிட்டப்பார்வை ஏற்பட்டது. 1951இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டில் ரிட்லி இதை வெளியிட்டபோது, பிரிட்டனின் முன்னணிக் கண் மருத்துவர் டியூக் எல்டர் எதிர்ப்பின் தலைமையில் நின்றார். ரிட்லி வைத்த சுமார் 1000 வில்லைகளில் பல நழுவின, சில அழற்சியால் எடுக்கப்பட்டன. எதிர்த்தவர்களின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. முன்னோடி நோயாளிகள் தங்கள் கண்ணைக் கொடுத்தே பின்வந்தவர்களுக்கான பாடத்தை எழுதினர். நழுவாத வடிவம், சரியான இடம், ஆற்றலைக் கணக்கிடும் முறை ஆகியவை செம்மைப்பட மேலும் 30 ஆண்டு பிடித்தது. ரிட்லி தம் முதுமையில் அதே மருத்துவமனையில், தாம் கண்ட வில்லையைத் தம் கண்ணிலும் பொருத்திக்கொண்டார்.

வளர்ந்த நாடுகளில் 1980களில் பொதுவழக்கான இந்த வில்லை, விலையால் இந்திய ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தது. ஒன்று நூறு டாலரை ஒட்டி விற்ற பொருளை முகாம் நோயாளிக்கு இலவசமாக வைப்பது இயலாது என்பதோடு, ஏழை நாடுகளுக்குக் கண்ணாடியே போதும் என்று வாதிட்ட நிபுணர்களும் இருந்தனர். வசதியுள்ளவருக்கு முழுப் பார்வை, வசதியற்றவருக்கு அரைப் பார்வை என்ற அந்த வாதத்தை மதுரை ஏற்கவில்லை. 1992இல் அங்கே தொடங்கப்பட்ட ஆரோலேப் தொழிற்சாலை, வில்லையை உள்நாட்டிலேயே செய்து, விலையைப் பத்து டாலர் அளவுக்கும் பின்னர் அதற்குக் கீழும் இறக்கியது. 1994 முதல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு உள்ளிட்ட 7 மாநிலங்களில் நடந்த புரை ஒழிப்புத் திட்டம், தற்காலிகக் கூடங்களில் அறுவை செய்வதைக் கைவிட்டு, முகாமில் பரிசோதனை, மருத்துவமனையில் அறுவை என்ற ஏற்பாட்டை நாடளவில் பரப்பியது. பேருந்தில் அழைத்துச் சென்று, தங்கவைத்து, உணவளித்து, திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கம் அதிலிருந்து நிலைபெற்றது. வெள்விழியில் சாய்வான சிறு சுரங்கமாகக் கீறித் தையலே இல்லாமல் வில்லையை மாற்றும் கைமுறை அறுவையும், பல் மருத்துவரின் மீயொலிக் கருவியைக் கண்டு சார்லஸ் கெல்மன் 1967இல் உருவாக்கிய, புரையைப் பொடித்து உறிஞ்சும் முறையும் படுக்கை நாள்களைச் சில மணி நேரமாகச் சுருக்கின.

இடர் அதனால் மறைந்துவிடவில்லை. ஒரே கூடத்தில் ஒரே நாளில் பலருக்குச் செய்யப்படும் அறுவையில், கழுவும் திரவமோ கருவியோ மாசுபட்டிருந்தால், ஒருவருக்கு வர வேண்டிய தொற்று வரிசையில் இருந்த எல்லோருக்கும் பரவுகிறது. 2008இல் விழுப்புரம் மாவட்டத்துக் கிராம முகாம் ஒன்றில் தேர்ந்தெடுக்கப்பட்டு அறுவை செய்துகொண்ட 60க்கும் மேற்பட்டோர் இவ்வாறு பார்வை இழந்தனர். இலவசமாகச் செய்யப்பட்டது என்பது அவர்களது இழப்பைச் சிறிதும் குறைக்காது. விலை கொடுக்காதவர் கேள்வி கேட்க உரிமையற்றவர் என்ற எண்ணம் எங்கே தலைகாட்டினாலும் அது கண்டிக்கத்தக்கது. அறுவைக்கு முன் கைந்நாட்டு வாங்கப்படும் ஒப்புதல் தாளில் உள்ளதை நோயாளியின் மொழியில், அவருக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொல்ல எத்தனை நிமிடம் ஒதுக்கப்படுகிறது என்பதைக் கொண்டே ஒரு மருத்துவமனையை மதிப்பிடலாம்.

இந்தியாவில் ஏறக்குறைய மறைந்துவிட்ட ஊசி முறை, மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னும் தொழிலாக வாழ்கிறது. நைஜீரியாவில் 2005 முதல் 2007 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், புரைக்காக ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்த கண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நாட்டு வைத்தியரின் ஊசியால் தள்ளப்பட்டவை என்று தெரியவந்தது. அவற்றுள் பெரும்பாலானவை பார்வையற்ற கண்களாகவே இருந்தன. தொலைவு, செலவு, கத்தியைப் பற்றிய அச்சம், வைத்தியர் வீடு தேடி வருவது என அங்குள்ளோர் வைத்தியரை நாடும் காரணங்கள், ஒரு நூற்றாண்டுக்கு முன் சென்னை மாகாணத்து முதியவர்களுக்கு இருந்தவையே.